நான்கு சில்லு வண்டி: முதலீட்டுத் தாளில் விடுபட்ட இரண்டு வரிகள்

கத்தாரில் ஆறு வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்திக்க வந்தார். பொத்துவில் பக்கத்தைச் சேர்ந்தவர். அறுகம்பேயில் உல்லாசப் பயணிகளுக்கு ஏ.டீ.வீ. எனப்படும் நான்கு சில்லு வண்டிகளை வாடகைக்கு விடும் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கையில் ஒரு தாள் இருந்தது.

"காக்கா, கணக்கெல்லாம் பார்த்து முடிச்சிட்டன். வண்டி எடுக்கிறதுதான் மிச்சம்" என்றார்.

தாளின் இடது பக்கத்தில் செலவுகள் இருந்தன. நான்கு வண்டிகள், ஒரு கொட்டில், பெயர்ப் பலகை, இரண்டு வேலையாட்களின் சம்பளம், பெற்றோல், விளம்பரம், வேலையாட்களுக்கு ஒரே நிறத்தில் டீ-சேர்ட். வலது பக்கத்தில் சீசன் மாதங்களின் வருமானம். அடியில் இலாபத்துக்கு இரட்டைக் கோடு. முதலீட்டில் பாதி அவருடைய சேமிப்பு. மீதிப் பாதி, தாயாரின் பெயரில் உள்ள காணியை விற்று வரப்போகும் பணம்.

தாளை இரண்டு முறை வாசித்தேன். டீ-சேர்ட்டுக்கு வரி இருந்தது. தலைக்கவசத்துக்கும் காப்புறுதிக்கும் வரி இருக்கவில்லை.

"தம்பி, ஒருத்தர் விழுந்து அடிபட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் கையெழுத்து வாங்கப் போறமே காக்கா. 'என்ட சொந்தப் பொறுப்பில ஓடுறன்' எண்டு ஒரு போர்ம் அடிச்சு வச்சிருக்கன்."

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தப் பதில்தான். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர்; ஐவேளை தொழுகையைப் பேணுகின்ற, உழைப்புக்கு அஞ்சாத பிள்ளை. ஆனால் அவரைப் போலவே எமது சமூகத்தில் பலர், பாதுகாப்பு என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றும், காப்புறுதி என்பது பொலிஸார் மறிக்கும்போது காட்டுவதற்கான அட்டை என்றும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே தவறு. அந்தத் தவறின் விலை சில வேளை ஒரு காணி; சில வேளை ஓர் உயிர்.

இது மோட்டார் சைக்கிளும் அல்ல, காரும் அல்ல

ஏ.டீ.வீ.யைப் பார்த்தவுடன் நான்கு சில்லுகள் இருப்பதால் இது விழாது என்ற எண்ணமே எவருக்கும் வரும். மோட்டார் சைக்கிளை விட இது பாதுகாப்பானது என்றும் தோன்றும். வண்டியின் அமைப்பை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பெரியவர்களுக்கான ஒரு வண்டியின் எடை பொதுவாக 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். தரையிலிருந்து உயரமாகவும், அகலம் குறைவாகவும் அமைந்தது. கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால் சரிவிலும் திருப்பத்திலும் கவிழும் இயல்பு கொண்டது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுபவர் பெரும்பாலும் வண்டியிலிருந்து விலகி விழுவார். இங்கே வண்டியே புரண்டு ஆளின் மேல் வருகிறது. நெஞ்சின் மேல் 300 கிலோ கிடந்தால் மூச்சு எடுக்க முடியாது. அருகில் உதவிக்கு ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வண்டிகளின் வரலாறே இதற்குச் சான்று. 1970 இல் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் முதலில் சந்தைப்படுத்தியது மூன்று சில்லு வண்டியை. அவை கவிழ்ந்து ஏற்பட்ட விபத்துகள் பெருகியதால், 1988 இல் அந்நாட்டின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையில் நீதிமன்றம் ஊடாக ஓர் உடன்பாடு ஏற்பட்டு, மூன்று சில்லு வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2008 இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய மூன்று சில்லு வண்டிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது.

நான்கு சில்லு வந்த பின்னரும் பிரச்சினை முடிந்துவிடவில்லை. பண்ணைகளில் இவ்வண்டிகளைப் பெருமளவில் பயன்படுத்தும் அவுஸ்திரேலியா, 2019 இல் இதற்கெனத் தனியான பாதுகாப்புத் தரமொன்றைக் கொண்டு வந்தது. 2020 ஒக்டோபர் முதல், எத்தனை பாகை சரிவில் வண்டி கவிழத் தொடங்கும் என்பதை எழுதிய அட்டையை விற்பனைக்கு வைக்கும் வண்டியில் தொங்கவிட வேண்டும் என்றானது. 2021 ஒக்டோபர் முதல், பொதுப் பாவனைக்கான புதிய வண்டிகளில், கவிழும்போது ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் வளைவுச் சட்டம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றானது. பெயர் பெற்ற உற்பத்தியாளர்கள் சிலர் இதனை எதிர்த்து அச்சந்தையிலிருந்தே விலகினார்கள். அரசாங்கம் பின்வாங்கவில்லை.

நீண்ட இருக்கை யாருக்கு?

விடுமுறை நாட்களில் கடற்கரையில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தந்தை வண்டியை ஓட்டுகிறார். முன்னால் சின்ன மகன், பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. ஒரு மோட்டார் சைக்கிளில் முழுக் குடும்பமும் பயணம் செய்து பழகிய எமக்கு இதில் புதுமை எதுவும் தெரிவதில்லை. இருக்கை நீளமாக இருக்கிறதே, அமர்ந்தால் என்ன?

அந்த இருக்கை நீளமாக இருப்பது இரண்டாவது ஆள் அமர்வதற்காக அல்ல. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. மேட்டில் ஏறும்போது உடலை முன்னால் கொண்டு வர வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நகர வேண்டும். திரும்பும்போது திரும்பும் பக்கமாகச் சாய வேண்டும். சரிவில் குறுக்காகப் போக நேர்ந்தால் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். வண்டியின் சமநிலையில் ஒரு பகுதி ஓட்டுபவரின் உடலில்தான் இருக்கிறது. பின்னால் ஒருவர் அமர்ந்ததும் ஓட்டுபவர் நகர இடமில்லை; பாரமும் பின்பக்கம் கூடுகிறது. மேட்டில் ஏறும்போது முன் சில்லு எழும்பி வண்டி பின்னோக்கிப் புரள இதுவே போதும்.

இருவருக்கென்றே தயாரிக்கப்பட்ட வண்டிகள் உண்டு. அவற்றில் பின்னிருக்கையும் கைபிடியும் கால்மிதியும் தனியாக இருக்கும். மற்றைய எல்லா வண்டிகளிலும் ஓட்டுபவர் மட்டும்தான். 90 சீ.சீ.க்கு மேற்பட்ட பெரிய வண்டியை 16 வயதுக்குக் குறைந்த எவரும் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க ஆணைக்குழுவின் நீண்ட கால அறிவுரை. 'பிள்ளை ஆசைப்படுகிறான்' என்று தந்தை கேட்டாலும், இரட்டிப்புக் காசு தருவதாகச் சொன்னாலும், தொழில் செய்பவர் 'இல்லை' என்று சொல்லப் பழக வேண்டும்.

இன்னொரு விடயம் தார் வீதி. இவ்வண்டிகள் பலவற்றில் பின் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகி, ஒரே வேகத்தில் சுழல்கின்றன. மணலில் திரும்பும்போது உட்பக்கச் சில்லு சற்று வழுக்கிக் கொடுப்பதால் சிரமம் தெரிவதில்லை. தார் வீதியில் அது வழுக்காது, பிடித்துக் கொள்ளும். வண்டி நினைத்த பக்கம் திரும்பாமல் இழுக்கும், அல்லது கவிழும். ஆகவே ஹோட்டலிலிருந்து கடற்கரைக்குத் தார் வீதியால் வாடிக்கையாளரை ஓட்டிவரச் செய்வது கூடாது. வீதியில் அதை ஓட்டுவதற்குப் பதிவும் அனுமதியும் உண்டா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அறியாமல் வண்டியை வாங்கவே கூடாது.

சவாரிக்கு முன் பத்து நிமிடம்

சீசன் காலத்தில் பத்து நிமிடம் என்பது காசு. ஆனாலும் ஒவ்வொரு சவாரிக்கு முன்னரும் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட வேண்டும்.

முதலில் டயர். இவ்வண்டிகளின் டயருக்கு மிகக் குறைந்த காற்றே வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 4 முதல் 7 பீ.எஸ்.ஐ. வரைதான். சரியான அளவு டயரிலும் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கும். டயர் கடையில் கொடுத்தால் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பது போல 28 அல்லது 30 அடித்துவிடுவார்கள். அப்படி அடித்த வண்டி பந்து போலத் துள்ளும். இரண்டு பக்கமும் காற்று வேறுபட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். குறைந்த அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று கொட்டிலில் இருக்க வேண்டும்.

அடுத்தது எக்ஸலேட்டர். மோட்டார் சைக்கிளில் கைபிடியை முறுக்குவோம். இங்கே பெருவிரலால் ஒரு சிறு நெம்பைத் தள்ள வேண்டும். புதிதாக ஓட்டுபவர் பயந்தால் கைபிடியை இறுகப் பிடிப்பார், பெருவிரலும் சேர்ந்து அமுங்கும், வண்டி பாயும். இதனால்தான் பல வண்டிகளில் எக்ஸலேட்டர் எவ்வளவு தூரம் அமுங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகாணி வைத்திருக்கிறார்கள். புதியவருக்குக் கொடுக்கும்போது அதை இறுக்கி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். எஞ்சினை உடனே நிறுத்தும் ஆளியை அவரே ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும்.

தலைக்கவசம் அளவானதாக, நாடிப் பட்டி பூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரே அளவில் நான்கு வாங்கி வைப்பதில் பயனில்லை. பலர் மாறி மாறி அணிவதால் உள்ளே அணியும் துணித் தொப்பிகளும் தேவை. காலில் பாதணி, செருப்பு அல்ல. நீளக் காற்சட்டை, சாரன் அல்ல. எமது பெண்கள் ஓட்டுவதாயின் ஹிஜாபின் தொங்கல்களைக் கவசத்துக்குள் செருகிவிட வேண்டும். காற்றில் பறக்கும் சால்வையும், தளர்ந்து தொங்கும் அபாயாவும் சில்லிலோ சங்கிலியிலோ சிக்கினால் நிமிடத்தில் விபரீதம் நடந்துவிடும். உடலை மறைக்கும் நீண்ட மேற்சட்டையும் தளர்வான காற்சட்டையும் ஒழுக்கத்துக்கும் பொருந்தும், பாதுகாப்புக்கும் பொருந்தும்.

கடலோரத்தில் தொழில் செய்பவருக்கு உப்பும் ஓர் எதிரி. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி, பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்து, பார்த்த திகதியையும் பார்த்தவரின் கையெழுத்தையும் ஒரு கொப்பியில் பதிய வேண்டும். இந்தக் கொப்பி பின்னால் எவ்வளவு பெறுமதியானது என்பதைக் கீழே சொல்கிறேன். சவாரிப் பாதையும் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட வேண்டும். தோணிக் கயிறுகளும், வலைகளும், நடமாடும் மனிதர்களும் உள்ள கரையில் வேகம் காட்டுவது எமது மீனவச் சகோதரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறை நாளில் பாலைவனத்துக்குப் போய் மணி வாடகைக்கு இவ்வண்டியை எடுப்பவர்கள் அதிகம். மணல் மேட்டின் ஒரு பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் செங்குத்தாக விழும். உச்சியில் நின்று பார்க்காமல் பாய்வோருக்கு அந்த மறுபக்கமும் தெரியாது, அங்கிருந்து ஏறிவரும் வண்டியும் தெரியாது. பின்னால் உயரக் கொடி கட்டுவது அழகுக்காக அல்ல. மேட்டுக்கு அப்பால் உள்ளவர் காண்பதற்காக. கம்பனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்புறுதி இவ்வாறான சவாரியில் ஏற்படும் காயத்துக்குச் செல்லுபடியாகுமா என்பதையும் போவதற்கு முன்னரே கேட்டு வையுங்கள்.

கையெழுத்து வாங்கினால் போதுமா?

இனி அந்தத் தம்பி அச்சடித்து வைத்திருந்த படிவத்துக்கு வருவோம். ஆபத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லி, அவர் விளங்கிக் கொண்டார் என்று கையெழுத்து வாங்குவது நல்லதுதான். ஆனால் அந்தக் கையெழுத்து எமது கவனயீனத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. இலங்கையில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கவனயீனத்தால் ஒருவருக்கு ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க அச்சட்டம் இடமளிப்பதில்லை. பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்துவிட்டு, 'அவர் கையெழுத்து வைத்திருக்கிறார்' என்று சொல்ல முடியாது.

சட்டம் இருக்கட்டும். மார்க்கம் என்ன சொல்கிறது? வாடகைக்கு வண்டி எடுப்பவர் தன் உயிரை எமது அறிவிடம் ஒப்படைக்கிறார். அவருக்கு வண்டியைத் தெரியாது, எமக்குத் தெரியும். அது ஓர் அமானத். ஒட்டகையைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி கற்பித்த மார்க்கத்தைப் பின்பற்றுபவர்கள், கட்டாத ஒட்டகையை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எப்படிப் பொருந்தும்?

எந்தக் காப்புறுதி எதைத் தாங்கும்?

"மூன்றாந் தரப்புக் காப்புறுதி போட்டாச் சரிதானே?" என்று அந்தத் தம்பி கேட்டார். இதிலேதான் பலர் தவறுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி, வீதியில் ஓடும் வாகனத்தால் வேறொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. வாகனத்தை ஓட்டுபவர் மூன்றாந் தரப்பு அல்லர். ஏ.டீ.வீ. வாடகைத் தொழிலில் விழுந்து அடிபடுபவர் பெரும்பாலும் ஓட்டுபவரேதான். அதாவது, எந்த ஆளுக்கு ஆபத்து மிக அதிகமோ அந்த ஆளை இந்தக் காப்புறுதி தொடுவதில்லை. விபத்து நடக்கும் இடமும் வீதி அல்ல. கடற்கரை, தென்னந்தோப்பு, காட்டோரம்.

வீதிக்கு வெளியே நடந்த விபத்துக்குக் காப்புறுதி பொருந்துமா என்ற கேள்வி ஐரோப்பாவையே ஆட்டியிருக்கிறது. 2007 இல் ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில், பின்னோக்கி வந்த டிரக்டரின் இழுவைப் பெட்டி ஏணியில் மோதி ஒருவர் கீழே விழுந்தார். டிரக்டர் அப்போது வாகனமாக ஓடவில்லை, பண்ணை இயந்திரமாகவே வேலை செய்தது என்று கூறி நட்டஈடு மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 2014 செப்டெம்பரில் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமான விளக்கம் கிடைத்தது. பின்னர் பிரித்தானியா 2022 இல் தனியாகச் சட்டம் இயற்றி, அந்தத் தீர்ப்பின் விளைவைத் தன் நாட்டில் நீக்கிக் கொண்டது. ஒரே கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. சிறு வியாபாரி ஒருவர் ஏழு வருடம் வழக்காட முடியாது. ஆகவே எங்கே, எதற்கு ஓடுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுக் கொள்வதே வழி.

வாடகைத் தொழிலுக்கு நான்கு வகைப் பாதுகாப்பு வேண்டும். முதலாவது, வண்டிக்கு ஏற்படும் சேதம், களவு, தீ ஆகியவற்றுக்கானது. இரண்டாவது, பொதுப் பொறுப்புக் காப்புறுதி. எமது தொழிலின் குறைபாட்டால் வாடிக்கையாளரோ வழிப்போக்கரோ பாதிக்கப்பட்டு நட்டஈடு கேட்டால் கைகொடுப்பது இதுதான். மூன்றாவது, ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதி. யாருடைய பிழை என்று பார்க்காமல் வைத்தியச் செலவுக்கு உதவக் கூடியது. நான்காவது, வேலையாட்களுக்கானது. சவாரிக்கு வழிகாட்டியாகப் போகும் பையன் கடமையில் அடிபட்டால், 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளிக்குப் பொறுப்பு உண்டு.

வெளிநாட்டுப் பயணியிடம் பயணக் காப்புறுதி இருக்கும், அவர் பார்த்துக் கொள்வார் என்று நினைப்பவர்களும் உண்டு. இவ்வகைச் சவாரியை முழுமையாகவே விலக்கியுள்ள பயணக் காப்புறுதிகள் பல. தலைக்கவசம் அணிந்திருந்தால் மட்டும் என்று நிபந்தனை போட்டவையும் உண்டு. அவருடைய காப்புறுதி கைவிரித்தால் அவருடைய குடும்பம் அடுத்துப் பார்ப்பது வண்டியை வாடகைக்கு விட்டவரைத்தான்.

ஒளிக்காமல் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள்

காப்புறுதி என்பது இரு தரப்பும் முழு உண்மையைச் சொல்ல வேண்டிய ஒப்பந்தம். காப்புறுதிக் கட்டணத்தைக் குறைப்பதற்காக 'சொந்தப் பாவனை' என்று படிவத்தில் எழுதிவிட்டு வாடகைக்கு விட்டால், விபத்து நடந்த அன்று அந்த ஒப்பந்தம் வெறும் கடதாசி. சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கச் சொன்ன பொய், பல இலட்சங்களை விழுங்கிவிடும். வியாபாரத்தில் குறையை மறைப்பது ஹராம் என்று அறிந்த நாம், இந்தப் படிவத்தையும் வியாபாரமாகவே பார்க்க வேண்டும்.

பெறுமதியையும் குறைத்து எழுதக் கூடாது. உதாரணத்துக்கு, 20 இலட்சம் ரூபா பெறுமதியான வண்டியை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறீர்கள். விபத்தில் 4 இலட்சம் சேதம். 10 இலட்சம் வரை கிடைக்கும்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் விகிதாசார நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தில் பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள் என்பதால் பாதிச் சேதமே, அதாவது 2 இலட்சமே கிடைக்கும். மீதி உங்கள் தலையில். லீசிங் அல்லது இஜாரா முறையில் எடுத்த வண்டியாயின், வண்டிக்கான இழப்பீட்டில் முதல் உரிமை நிதி வழங்கிய நிறுவனத்துக்கே போகக் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்:

வாடகைக்கு விடுவது ஒப்பந்தத்தில் ஏற்கப்பட்டுள்ளதா?
வீதிக்கு வெளியே, கடற்கரையிலும் தனியார் காணியிலும் நடக்கும் விபத்து உள்ளடங்குமா?
ஓட்டுபவருக்கு எந்த வயது, எந்தச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும்? வெளிநாட்டவருக்கு என்ன விதி?
ஒரு விபத்துக்கு ஆகக் கூடிய தொகை எவ்வளவு? முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு?
எத்தனை மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும்?
பிரதேச சபை, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை போன்றவற்றின் அனுமதி இல்லாவிட்டால் இழப்பீடு மறுக்கப்படுமா?

விபத்து நடந்தால் முதல் கடமை காயப்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது. பிறகு பொலிஸாருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே அறிவித்தல், இடத்தைப் படம் எடுத்தல், கண்டவர்களின் பெயர்களைப் பதிதல். மேலே சொன்ன கொப்பி இப்போதுதான் பேசும். அன்று காலை பிரேக் பார்க்கப்பட்டது, டயர் காற்று அளக்கப்பட்டது, இன்னாருக்கு இன்ன நேரம் விளக்கம் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் அது சாட்சி. எதுவும் எழுதாதவரிடம் இருப்பது அவருடைய வாய்ச்சொல் மட்டுமே.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் மனம் சோர்ந்துவிட வேண்டாம். காப்புறுதித் துறையை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குறுத்துகை ஆணைக்குழுவும், பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கின்றன.

தகாபுல் வழி

காப்புறுதி என்றதும் எமது வாசகர்களிடம் எழும் கேள்வி நியாயமானது. வழமையான வர்த்தகக் காப்புறுதியில் கரர் எனும் நிச்சயமின்மையும், சூதாட்டத் தன்மையும், வட்டி முதலீடும் இருப்பதால், ஜித்தாவில் 1985 டிசம்பரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி அதனை ஆகாது என்றும், பரஸ்பர ஒத்துழைப்பு அடிப்படையிலான காப்புறுதியே மாற்று வழி என்றும் தீர்மானித்தது. சூடானில் 1979 லும், மலேசியாவில் 1984 இன் தகாபுல் சட்டத்தின் பின்னரும் இத்துறை வளர்ந்தது. இலங்கையில் 1999 இல் அமானா தகாபுல் தொடங்கப்பட்டது.

தகாபுலில் பங்குபற்றுவோர் தபர்ரு எனும் நன்கொடையாக ஒரு பொது நிதியில் பணம் இடுகிறார்கள். அவர்களில் எவருக்கு இழப்பு வந்தாலும் அந்த நிதியிலிருந்து உதவப்படுகிறது. நிறுவனம் நிதியின் சொந்தக்காரர் அல்ல. கூலி பெற்று அதனை நிர்வகிக்கும் முகவர். இந்த அமைப்பை விளங்கினால் இன்னொன்றும் விளங்கும். அந்த நிதியில் இருப்பது யாரோ ஒரு பெரிய கம்பனியின் பணமல்ல. எம்மைப் போன்ற கடைக்காரரின், ஆசிரியரின், ஓட்டோச் சாரதியின் பணம். தலைக்கவசம் கொடுக்காமல் வண்டி ஓட விட்டு, பிறகு அந்த நிதியில் கை வைப்பவர் தன் சகோதரர்களின் பையிலேயே கை வைக்கிறார்.

அதேவேளை, தகாபுல் என்ற பெயரைக் கண்டதும் வாசிக்காமல் கையெழுத்திடவும் கூடாது. அதிலும் விலக்குகள் உண்டு, நிபந்தனைகள் உண்டு. மேலே சொன்ன கேள்விகள் அத்தனையையும் அங்கேயும் கேட்க வேண்டும். தேவையான பாதுகாப்பு தகாபுலில் கிடைக்காத நிலையில் என்ன செய்வது, சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதியின் நிலை என்ன என்பன போன்றவற்றை இத்துறை அறிந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எதையும் செய்யாமல் விடுவதற்கு அதனைச் சாட்டாக்கிக் கொள்ள வேண்டாம்.

திருத்தி எழுதிய தாள்

இவ்வளவையும் கேட்ட பிறகு அந்தத் தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். "காக்கா, இதெல்லாம் சேர்த்தா இலாபம் பாதியாப் போகுமே" என்றார்.

"இலாபம் குறையல்ல தம்பி. நீங்க முதல்ல எழுதினது இலாபமே இல்ல. வராம இருந்த செலவ இலாபம் எண்டு எழுதி வச்சிருந்தீங்க" என்றேன்.

இருவரும் சேர்ந்து இன்னொரு தாள் எழுதினோம். நான்கு வண்டிகள் இரண்டாகின. வெவ்வேறு அளவுகளில் ஆறு தலைக்கவசங்கள், காற்று அளக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி, வழிகாட்டிப் பையனுக்குப் பயிற்சி, நான்கு வகைக் காப்புறுதி என்று புதிய வரிகள் ஏறின. பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்கும் ஒரு வரி ஒதுக்கினோம்: ஒரு வண்டியில் ஒருவர் மட்டும், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வண்டி கொடுக்கப்பட மாட்டாது. இரண்டு வண்டிக்கு அவருடைய சேமிப்பே போதுமாக இருந்தது. தாயாரின் காணி விற்பனை தாளிலிருந்து நீங்கியது. அடியில் வந்த இலாபம் முன்னையதை விடச் சிறியதுதான். ஆனால் ஒரு விபத்தோடு காணாமற் போகாத இலாபம்.

தொழில் தொடங்கும் எண்ணமுள்ள எமது இளைஞர்கள், வண்டியானாலும் படகானாலும் நீச்சல் தடாகமானாலும், தமது முதலீட்டுத் தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் பத்திரமாக வீடு திரும்புவதற்கு ஒரு வரி, அவர் திரும்ப முடியாமற் போனால் அவருடைய குடும்பத்துக்கு ஒரு வரி. இந்த இரண்டும் அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால் கணக்கு இன்னும் முடியவில்லை. ஹலாலான தொழிலில், எவருடைய கண்ணீரும் கலக்காத ரிஸ்க்கை வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் தந்தருள்வானாக.